ஸ்லைடர்: வழுக்கினால்தான் அந்தப் பேர்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பலாம். வட நியூ ஜெர்சியில் ஸ்லைடர் என்கிற, வெங்காயத்தோடு வெந்த குட்டி ஹாம்பர்கர் சாப்பிட ஆசைப்பட்டால் ஹேக்கன்சாக்கில் இருக்கும் ஒயிட் மன்னா என்ற சின்னக் கடை. அகால நேரத்தில் பசித்தால் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பர்கர் கடையான ஒயிட் காசில். ஃப்ரீசரில் ஆபத்துக்கு ஒன்று கிடக்கட்டும் என்றால் அதே ஒயிட் காசிலின் சூப்பர் மார்க்கெட் டப்பா. மற்றபடி, மேஜைக்கு மேஜை மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருக்கும் ரெஸ்டாரன்ட்டில் 'ஸ்லைடர்ஸ்' என்று போட்டிருந்தால், மெனுவில் அடுத்த வரிக்குப் போய்விடுவது உத்தமம்.

ஏன் என்று கேட்கிறவர்களுக்குத்தான் மீதி.

நான் ஆஸ்பத்திரி லேபில் நைட் டூட்டி பார்க்கிறவள். கேன்டீன் மூடிய பிறகு எங்களுக்குக் காபி மெஷினும் சிப்ஸ் பாக்கெட்டும்தான் துணை. அதனால் இந்த வட்டாரத்தில் எந்தக் கடை எத்தனை மணி வரை, எதை வாங்கினால் காரில் சிந்தாது, பிரேக் ரூமில் பத்து நிமிஷத்துக்குள் எதைச் சாப்பிட்டு முடிக்கலாம் என்பதெல்லாம் அத்துப்படி. ஸ்லைடர் எனக்குப் பழக்கமானது அந்த வழியில்தான். எனவே அந்தப் பேரைக் கண்ட பண்டத்தின் மேலும் ஒட்டி விற்றால் எனக்குக் கோபம் வருவதில் தப்பில்லை.

கோபத்தைக் கிளப்பியது ஒரு ரிட்டயர்மென்ட் பார்ட்டி. ஹட்சன் ஆற்றங்கரையில், எதிரே மன்ஹாட்டன் விளக்குகள் மினுக்கும் ரெஸ்டாரன்ட். பேர் வேண்டாம். மூன்று ஸ்லைடர் 18 டாலர். ஒரு மரப்பலகையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். மேலே முட்டை தடவிப் பளபளவென்று சுட்ட பிரியோஷ் என்ற வெண்ணெய் பன், உள்ளே இரண்டு விரல் தடிமனுக்குக் கறி, ஊதா வெங்காயம் பச்சையாக ஒரு வளையம், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க நடுவில் ஒரு மூங்கில் குச்சி. குச்சியை உருவிவிட்டுக் கடித்தேன். பன் நசுங்கவே இல்லை. கறிதான் பின்பக்கமாகப் பிதுங்கித் தட்டில் விழுந்தது. அந்த ராத்திரி வழுக்கியது அது ஒன்றுதான்.

கறி மோசமா என்றால் இல்லை. நல்ல மாட்டுக்கறி, பதமாகத்தான் சுட்டிருந்தார்கள். பெரிய பர்கரைச் சின்னதாக வெட்டி வைத்தது போல் இருந்தது, அவ்வளவுதான். அதற்கு மினி பர்கர் என்று பேர் வைத்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு மூன்றையும் தின்றிருப்பேன்.

எங்கள் ஆஸ்பத்திரி செக்யூரிட்டி மேஜையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். இளவயதில் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். அடுத்த டூட்டியில் அவரிடம் போய்ப் புலம்பினேன். கப்பல் மெஸ்ஸில் 'ஸ்லைடர்ஸ் அண்ட் ரோலர்ஸ்' என்று ஒரு சொல்வழக்கு உண்டாம்: ஹாம்பர்கருக்கு ஸ்லைடர், ஹாட் டாகுக்கு ரோலர். கொழுப்பு ஊறிய கறி தட்டில் நில்லாமல் வழுக்கும், ஹாட் டாக் உருளும். இதையே கப்பல் ஆடும்போது சமையல் கல்லின் மேல் கறி இங்கும் அங்கும் வழுக்கியதால் வந்த பேர் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒயிட் காசில் ரசிகர்களைக் கேட்டால், மெல்லவே வேண்டாம், தொண்டையில் தானாக வழுக்கிக்கொண்டு இறங்கும், அதனால் ஸ்லைடர் என்பார்கள். உள்ளே போன வேகத்திலேயே வெளியேயும் போய்விடும் என்று நாலாவதாக ஒரு விளக்கமும் உண்டு. அதைச் சாப்பாட்டு விமர்சனத்தில் நீட்டி எழுத முடியாது.

இந்தக் கதைகளில் எதை வேண்டுமானாலும் நம்புங்கள். ஒன்றிலாவது அளவைப் பற்றிப் பேச்சு வருகிறதா? கொழுப்பு, ஈரம், மெத்து, வழுக்கல் இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. சின்னதாக இருப்பது ஸ்லைடரின் பழக்கம். அதன் குணம் வேறு. அந்தக் குணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, இதைப் பெரிய வியாபாரமாக்கியவர்களின் கல்லுக்குத்தான் போக வேண்டும்.

1921இல் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் வால்டர் ஆண்டர்சன் என்ற சமையல்காரரும் பில்லி இன்கிரம் என்ற ரியல் எஸ்டேட்காரரும் சேர்ந்து தொடங்கியதுதான் ஒயிட் காசில். ஆண்டர்சன் 1916இலிருந்தே அதே ஊரில் ஹாம்பர்கர் போட்டு விற்றுக்கொண்டிருந்தவர். கறி உருண்டையை வெங்காயத்தோடு சேர்த்துக் கல்லில் வைத்து, திருப்பியால் நசுக்கித் தட்டையாக்கி வேகவைக்கும் வித்தை அவருடையது. பர்கருக்கென்று தனி பன் செய்தவர் அவர்தான் என்றும் சொல்வார்கள். கடையை ஊர் ஊராகக் கொண்டுபோன சாமர்த்தியம் இன்கிரமுடையது. ஒரு பர்கர் 5 சென்ட். ஒன்றிரண்டு வாங்காதே, பையோடு வாங்கு என்பதுதான் விளம்பர வாசகம்.

அப்போது அமெரிக்காவில் அரைத்த மாட்டுக்கறி என்றாலே ஜனங்களுக்குச் சந்தேகம். சிகாகோ இறைச்சிக் கூடங்களின் லட்சணத்தை 1906இல் ஒரு நாவல் அம்பலப்படுத்தி, அதே வருஷம் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமே வந்துவிட்டது. அரைத்த கறியில் எதைக் கலந்தார்களோ, யார் கண்டது? அதற்குத்தான் வெள்ளை வேஷம். வெள்ளைக் கட்டடம், துருப்பிடிக்காத எஃகு, வெள்ளைச் சட்டை, வாடிக்கையாளர் கண்ணெதிரே சமையல். கோட்டை உருவத்துக்கு சிகாகோவின் பழைய தண்ணீர்க் கோபுரம் மாதிரி. வெள்ளை என்றால் சுத்தம், கோட்டை என்றால் உறுதி என்று கடைப் பேரிலேயே சத்தியம் செய்துவிட்டார் இன்கிரம். அது போதாதென்று 1930இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆராய்ச்சிக்கும் ஏற்பாடு செய்தார். மருத்துவ மாணவர் ஒருவர் 13 வாரம் ஒயிட் காசில் பர்கரும் தண்ணீரும் மட்டுமே சாப்பிட்டு நல்லபடியாக எழுந்து வந்தார். லேபில் வேலை பார்க்கிறவளாக எனக்கு அந்தப் பையனின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்க்க ரொம்ப ஆசை.

இவ்வளவு செலவு செய்து சுத்தம், சுத்தம் என்று கட்டிய கடைக்கு, வழுக்குகிற பண்டம் என்று ஜனங்கள் செல்லப் பேர் வைத்தால் முதலாளிக்கு எப்படி இருக்கும்! கடை விற்றது ஹாம்பர்கர். ஸ்லைடர் என்பது தெருவில் பிறந்த பேர். பிற்பாடு கம்பெனி அதைத் தத்தெடுத்தது. நடுவில் 'ஐ' எழுத்து வரவேண்டிய இடத்தில் 'ஒய்' போட்டு, தனக்கே உரிய பேராகக் கொஞ்ச காலம் பதிந்தும் வைத்திருந்தது. இப்போது 'ஒரிஜினல் ஸ்லைடர்' என்றே போட்டு விற்கிறார்கள். ஆனால் பேர் கைவிட்டுப் போய்விட்டது. நண்டு ஸ்லைடர், பன்றிக்கறி ஸ்லைடர், கோழி ஸ்லைடர் என்று ஊரெல்லாம் ஆளுக்கொன்று.

இனி சாப்பாட்டுக்கு வருவோம்.

ஒயிட் காசிலில் கறியைத் திருப்பிப் போடுவதே கிடையாது. கல்லில் முதலில் பொடியாக நறுக்கிய வெங்காயம் தண்ணீரோடு பரப்பப்படுகிறது. அதன் மேல் சதுரமான மெல்லிய கறி. ஒரு பவுண்டுக்கு 18 என்பது பழைய கணக்கு, அதாவது ஒன்று 25 கிராம்தான். ஒவ்வொன்றிலும் ஐந்து ஓட்டை. ஊழியர் ஒருவர் சொன்ன யோசனை அது. வெங்காய நீர் கொதித்து, ஆவி அந்த ஓட்டைகள் வழியாக மேலே ஏறும். கறியின் தலைமேல் பன்னை வைத்துவிடுவதால் அந்த ஆவி பன்னுக்குள்ளும் புகுந்துகொள்ளும். இட்லிப் பானை வைத்துப் பழகியவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. கடைசியில் வெள்ளரிக்காய் பிக்கிள் ஒரு வில்லை, வேண்டுமானால் சீஸ். காகித டப்பாவில் போட்டுக் கையில் தந்துவிடுவார்கள்.

சுட்ட பர்கரை எதிர்பார்த்துப் போனால் முதல் பார்வையில் முகம் சுளிக்கும். கறியில் சுட்ட நிறமே இருக்காது, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். மொறுமொறுப்பு எங்கேயும் கிடையாது. கடித்தால் பன் எது, கறி எது என்று பல்லுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டும் ஒரே மெத்து. வெங்காயம் தனியாகத் தட்டுப்படாமல் எல்லாவற்றிலும் ஊறியிருக்கும். பிக்கிள் மட்டும் சுருக்கென்று ஒரு புளிப்புக் கொடுத்துவிட்டு ஓடிவிடும். விழுங்கிய பிறகுதான் விழுங்கிவிட்டோம் என்றே தெரியும். பேருக்கு இதைவிடப் பொருத்தமான பண்டம் கிடையாது. உன்னதமான ருசியா என்று கேட்டால், இல்லை. ஆனால் தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் இது செய்கிற வேலையை உன்னதமான ருசி செய்யாது.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வாங்கிய கையோடு சாப்பிடுங்கள். ஆவியில் வெந்தது என்பதால் டப்பாவுக்குள் கிடக்கக் கிடக்க நைந்து போவது இதன் சுபாவம். நம் நாக்குக்குச் சாதா ஸ்லைடரில் காரம் காணாது. ஹாலபீனோ மிளகாய் சீஸ் போட்டது கேளுங்கள், வித்தியாசம் தெரியும். கூட்டமாக இருந்தால் 30 கொண்ட கிரேவ் கேஸ் உண்டு, அட்டைப்பெட்டிக்குக் கைப்பிடியே வைத்திருக்கிறார்கள். 100 கொண்ட கிரேட்டும் உண்டு. ஆனால் அதைக் காரில் ஏற்றினால் ஒரு வாரத்துக்கு வண்டியில் யார் ஏறினாலும் உங்கள் மெனு அவர்களுக்குத் தெரிந்துவிடும். 1991இலிருந்து காதலர் தினத்தன்று ரிசர்வேஷன், மேஜை விரிப்பு, பரிமாற ஆள் என்று தடபுடல் செய்கிறார்கள். அந்த யோசனையை எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பதில் வரவில்லை.

அவர் மாட்டுக்கறி சாப்பிடாதவர். அதனால் எங்கள் வீட்டில் எது ஸ்லைடர் என்ற வாக்குவாதம், மாட்டுக்கறி இல்லாத இம்பாசிபிள் ஸ்லைடர் வழியாகத்தான் தீர்ந்தது. 2018இல் ஒயிட் காசில் அதைக் கொண்டுவந்தபோது விலை 1.99 டாலர். இப்போது சோயா புரதத்தில் செய்த கறி. கறி நிறத்துக்கும் வாசனைக்கும் சோயா வேரில் இருக்கும் ஹீம் என்ற பொருளை ஈஸ்ட்டில் வளர்த்துச் சேர்க்கிறார்கள். நான் பாதி பிய்த்துச் சாப்பிட்டேன். சாதா ஸ்லைடரைவிடக் கொஞ்சம் தடி, கொஞ்சம் மெல்ல வேண்டியிருந்தது. ஆனால் அந்த வெங்காயமும் மெத்தென்ற பன்னும் இருந்ததால், இரண்டாவது கடியிலேயே இது ஸ்லைடர்தான் என்று நாக்கு ஒப்புக்கொண்டது. ஆற்றங்கரை ரெஸ்டாரன்ட்டில் அசல் மாட்டுக்கறி போட்டும் நடக்காத காரியம் அது! முழு சைவக்காரர்கள் மட்டும் ஒரே கல்லில்தான் போடுகிறார்களா, சீஸ் உண்டா என்று கவுன்ட்டரில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

ஒயிட் காசில் ஜெயித்ததும் நாடெங்கும் 'ஒயிட்' என்று தொடங்கும் கடைகள் முளைத்தன. 1926இல் மில்வாக்கியில் ஒயிட் டவர் வந்து, கோர்ட் வரைக்கும் போனது சண்டை. தெற்கே டென்னசியில் சட்டனூகாவில் 1932இல் கிரிஸ்டல் வந்தது, அங்கே கடுகு சாஸ் தடவித் தருவார்கள். எங்கள் பக்கம் வந்தது ஒயிட் மன்னா. பைபிள் படித்தவர்களுக்குத் தெரியும், வனாந்தரத்தில் வானத்திலிருந்து பொழிந்த ஆகாரம். அந்தப் பேரில் ஒரு டைனர், அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடை, 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் நின்றது, பிறகு ஜெர்சி சிட்டிக்கு வந்தது. அதன் போர்டைப் புதுப்பிக்கும்போது ஒரு எழுத்து விட்டுப்போய், திருத்தாமலே விட்டதால் அது ஒயிட் மனா ஆகிவிட்டது. இரண்டு 'ன்' போட்ட மன்னா ஹேக்கன்சாக்கில், ஆற்றை ஒட்டிய ரிவர் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. 1946இலிருந்து இருக்கிறது.

கடை என்று சொல்வதே அதிகம், ஒரு பெரிய டப்பா. கண்ணாடிக் கட்டிகள் வைத்த சுவர், உள்ளே வளைந்த கவுன்ட்டர், அதைச் சுற்றிக் கொஞ்சம் ஸ்டூல். நடுவில் ஒருவர் நிற்கிறார், அவர் முன்னால் நம் வீட்டு அடுப்பு அகலத்துக்கு ஒரு கல். கடையே அந்தக் கல்தான்.

ஸ்டூல் கிடைத்தால் கல்லுக்கு நேர் எதிரே பிடியுங்கள். அவர் பக்கத்தில் இருக்கும் கறியிலிருந்து கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக உருண்டைகளைக் கிள்ளி வரிசையாகக் கல்லில் வைக்கிறார். தாள் போல் சீவிய வெங்காயத்தை ஒரு கை அள்ளி ஒவ்வொன்றின் தலையிலும் போடுகிறார். பிறகு திருப்பியின் முதுகால் ஒரு அழுத்து. வெங்காயம் கறிக்குள் பதிகிறது, ஓரமெல்லாம் கிழிந்து ஜரிகை மாதிரி ஆகிறது. கொழுப்பு சுற்றிலும் சிறுசிறு குமிழாகப் பொரிகிறது. அந்த ஓரம் பழுப்பேறும்போது ஒரே சுரண்டலில் எடுத்துத் திருப்புகிறார். வெங்காயம் கீழே போய்விட்டது. கேட்டவர்களுக்கு ஒரு சீஸ். அதன் மேல் உருளைக்கிழங்கு பன்னின் இரண்டு பாதியையும் அடுக்கிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறார். அடியில் வேகும் வெங்காயத்தின் ஆவி சீஸை உருக்கி, பன்னை நனைத்துக்கொண்டே இருக்கும். யார் முதலில் சொன்னார், யாருக்கு சீஸ், யாருக்கு இரட்டைக் கறி என்பதெல்லாம் அந்த மனிதர் தலைக்குள்தான் இருக்கிறது. காகிதத் தட்டில் ஸ்லைடரும் பக்கத்தில் ஒரு குவியல் பிக்கிளும் வரும்.

ஒயிட் காசிலில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: அந்தப் பழுப்பேறிய ஓரம். முதலில் அது நறுக்கென்று ஒரு சத்தம் கொடுக்கும், உடனே வெங்காயத்தின் இனிப்பு, அப்புறம் பன் கரைந்து எல்லாம் ஒன்றாகி இறங்கிவிடும். கையில் எண்ணெய், சட்டையில் வாசனை. வெங்காயம் வேண்டாம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது அவரவர் இஷ்டம், ஆனால் அதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்.

குறை என்றால் இடம்தான். கார் நிறுத்தும் இடம் சின்னது. சனிக்கிழமை மத்தியானம் குழந்தை, பாட்டி, தள்ளுவண்டி சகிதம் போனால் எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான். வார நாளில் மூன்று மணி சுமாருக்குப் போங்கள். பார்சல் வாங்கினால் பையை முடிச்சுப் போடாதீர்கள், கொஞ்சம் ஆவி போகட்டும். பசியோடு போகிறவர்கள் இரட்டைக் கறி கேட்பதைவிட ஒற்றையில் இரண்டு வாங்குவது நல்லது என்பது என் கட்சி. இரட்டையில் கறி கூடிவிடுகிறது, பன்னுக்கும் வெங்காயத்துக்கும் கணக்கு ஒத்துவருவதில்லை.

ஃப்ரோசன் டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் நைட் டூட்டிக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 1987இலிருந்து ஒயிட் காசில் ஸ்லைடர் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது. நியாயமாகப் பார்த்தால் மைக்ரோவேவில் சூடாக்கிய பர்கர் எதுவும் உருப்படியாக வரக்கூடாது. இது மட்டும் வரும், காரணம் இது ஏற்கெனவே ஆவியில் வெந்த பண்டம். மைக்ரோவேவும் ஆவியைத்தான் கிளப்பிவிடுகிறது. உறையை ஒரு பக்கம் மட்டும் பிரித்து, முழுக்க உரிக்காமல் அப்படியே வையுங்கள். உரித்து வைத்தால் பன் ஓரம் காய்ந்து அட்டையாகிவிடும். வெளியே எடுத்து ஒரு நிமிஷம் ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் வெங்காயம் நாக்கைப் பொசுக்கிவிடும். டப்பாவில் பிக்கிள் வராது. பிரேக் ரூம் ஃப்ரிட்ஜில் ஒரு பாட்டில் வாங்கி வைத்து, மேலே பெரிதாக உங்கள் பேரை எழுதி ஒட்டிவிடுங்கள்.